அந்த றப்பரை உரிக்கிற நேரம் இருக்கே!

எனக்கு இதில் விசர் என்று முதலிலேயே சொல்லிப்போடுறன். நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்த்து நிதானமாக எழுதுகிற ஆள் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கோ. நான் ஒரு பெயர்க்கல்லுக்கு ஓடர் கொடுக்கப் போனவன், அவ்வளவுதான். எங்கள் கமக்கார அமைப்பின் கட்டடத்துக்கு, வாசல் சுவரில் பதிக்கிறதுக்கு, கறுப்புக் கிறனைற்றில் நாலே நாலு வரி. இரணைமடுச் சந்திக்குக் கிட்ட ஒரு தம்பி சின்னதாகப் போர்ட் கடை வைத்திருக்கிறார். அங்கே முற்பணத்தைக் கட்டி, துண்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போயிருக்கவேண்டிய ஆள் நான். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணி வந்திருந்த நேரம் அது. ஆனால் உள்ளறையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, நான் எட்டிப் பார்த்தேன், அதோடு என் கதை முடிஞ்சுது.

என்ன சத்தம் என்று கேளுங்கோ. ஸ்டிக்கர் வெட்டுகிற பிளொட்டரின் சத்தம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டோவின் பின்கண்ணாடிக்கும் மோட்டர்சைக்கிள் தாங்கிக்கும் பெயர் வெட்டுகிறபோது ‘ஸ்ர்ர், ஸ்ர்ர்’ என்று ஒரு மெல்லிய கீச்சுக் குரல் வருமே, அது. இது அதில்லை! இது அடித்தொண்டையில் இருந்து வருகிற சத்தம். ‘க்ர்ர்ர்ர்’ என்று நீளமாக ஒரு இழுவை, மூலை வந்தவுடன் ‘டக்’ என்று ஒரு தரிப்பு, திரும்பவும் ஒரு இழுவை. கூடவே புது றப்பர் வாசம், சைக்கிள் கடைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறுமே, அதே வாசம். பார்த்தால், மிசினுக்குள் போய்வருவது பளபளக்கிற ஸ்டிக்கர் இல்லை, மங்கல் நிறத்தில் மொத்தமான ஒரு றப்பர் விரிப்பு. அதற்குள் கத்தி இறங்கி ஓடுது. ஓடின தடத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரு மயிர்க்கோடு மாத்திரம். “தம்பி, இது என்ன?” என்றேன். “உங்கடை மாதிரி ஒரு கல்லுக்குத்தான் அண்ணை. இதுதான் ஸ்டென்சில்” என்றார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவன்தான். மனிசி போன் எடுத்தபோது “இந்தா வாறன்” என்றேன். அது மத்தியானம். வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்தாயிற்று.

இப்ப ஒன்றை நினைச்சுப் பாருங்கோ. சாதாரண ஸ்டிக்கரின் தடிப்பு 0.08 மில்லிமீற்றர் அளவு. இந்த றப்பர் அரை மில்லிமீற்றரில் இருந்து ஒரு மில்லிமீற்றர் வரைக்கும் வரும். அதாவது ஸ்டிக்கரைவிட ஆறு மடங்கு, பன்னிரண்டு மடங்கு மொத்தம். அதன் அடியில் பசை, பசைக்கு அடியில் ஒரு தாங்குதாள். கத்தி றப்பரை முழுக்க வெட்டவேண்டும், பசையையும் வெட்டவேண்டும், ஆனால் தாங்குதாளை வெட்டக்கூடாது! கொஞ்சம் குறைந்தால் எழுத்து றப்பரை விட்டு வராது, இழுத்தால் கிழியும். கொஞ்சம் கூடினால் தாங்குதாளும் அறுந்து, துண்டுகள் மிசினுக்குள்ளேயே கழன்று விழும். ஒரு முடி அளவு இடைவெளிக்குள் கத்தி போய்க் குத்தி நிற்கிறது, இரண்டடி நீளத்துக்கு அதே ஆழத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு வளைவிலும் அதே ஆழம். வயலில் நாங்கள் உழவு ஆழத்தை ஒரே மட்டத்தில் பிடிக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ, அந்த இடத்தில் எனக்கு வாய் திறந்தபடி நின்றது. கடையில் டிசைன் செய்கிற தங்கச்சி பார்த்துச் சிரித்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இதெல்லாம் எதுக்கு? கல்லில் எழுத ஏன் றப்பரை வெட்டவேண்டும்? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. கொம்பிறசரில் காற்றை அமுக்கி, அந்தக் காற்றோடு கூர்மையான துகள்களைக் கல்லில் அடிக்கிறார்கள். கல் கடினம், ஆனால் அந்தக் கடினமே அதற்கு வினை. வளைந்துகொடுக்கத் தெரியாத பொருள் என்றபடியால் ஒவ்வொரு துகள் படும்போதும் ஒரு பொட்டுச் சிதறிப் போகும். றப்பருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. துகள் வந்து படும், றப்பர் உள்ளே போகும், திரும்பி எழும்பும், துகளைத் திருப்பி எறிந்துவிடும். நகத்தால் கீறினால் தடம் விழுகிற றப்பர் முழுசாக இருக்கிறது, உளியை மழுக்குகிற கல் கரைகிறது! நான் இதை வீட்டில், தேத்தண்ணிக் கடையில், குளக்கட்டில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் சொல்லிப்போட்டன். இனி நான் வாய் திறந்தால் சனம் எழும்பிப் போகுது.

இப்படித் துகள் ஊதுகிறதைக் கண்டுபிடித்த ஆளின் பெயர் பெஞ்சமின் சூ டில்மன். அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர், உள்நாட்டுப் போரில் படை நடத்தினவர். பாலைவனக் காற்றோடு வந்த மணல் யன்னல் கண்ணாடியை மங்கலாக்கினதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, 1870 இல் அவர் காப்புரிமை எடுத்தது உண்மை. நூற்றைம்பது வருசத்துக்கு மேலாயிற்று. சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் முகத்தில் எத்தனை மண் அடித்திருக்கிறது, எங்களுக்கு ஏன் அந்த யோசனை வரவில்லை என்று நான் தம்பியிடம் கேட்டேன். “எங்களுக்குக் கண்ணைப் பொத்தத்தான் நேரம் இருந்தது அண்ணை” என்றார்.

சரி, கத்திக்கு வருவம். கத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. பிளொட்டர் கத்தி என்றால் ஒரு குச்சி, பென்சில் முனையைவிடச் சின்னது, ரங்ஸ்ரன் காபைட்டில் செய்தது. ஸ்டிக்கருக்கு 45 பாகை சரிவுள்ள கத்தி போதும். மொத்த றப்பருக்கு 60 பாகை வேண்டும், ஏனென்றால் சரிவு செங்குத்தானால்தான் முனை ஆழம் வரைக்கும் போகும். அந்தக் கத்தியின் முனை அது சுற்றுகிற அச்சின் நடுவில் இல்லை, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருக்கும், கால் மில்லிமீற்றர், தடித்த பொருளுக்கு அரை மில்லிமீற்றர். ஏன்? ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் முன்சில்லைப் பாருங்கோ, தள்ளுகிற பக்கம் தானே திரும்பிக்கொள்ளுமே, அந்த மாதிரித் தன் வாலை இழுத்துக்கொண்டு கத்தி தானே திசை திரும்பவேண்டும் என்பதற்காக! யாரும் திருப்பிவிடுவதில்லை, மோட்டரும் திருப்புவதில்லை, றப்பரே அதைத் திருப்புகிறது. கொம்பியூட்டருக்கு அந்த அரை மில்லிமீற்றரைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அது கணக்குப் போட்டு ஒவ்வொரு மூலையிலும் கையைக் கொஞ்சம் அப்பால் கொண்டுபோய் வளைத்துத் திரும்பக் கொண்டுவரும். தப்பாகச் சொன்னால் சதுரத்தின் மூலை உருண்டு போகும், இல்லாவிட்டால் கொம்பு முளைக்கும். அதனால் ஒவ்வொரு றோலுக்கும் முதலில் ஒரு ஓரத்தில் சின்னச் சதுரமும் அதற்குள் ஒரு முக்கோணமும் வெட்டிப் பார்ப்பார்கள். முக்கோணம் கையோடு வந்து சதுரம் அசையாமல் நின்றால், சரி. அந்தச் சோதனைத் துண்டுகளை எல்லாம் நான் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதேங்கோ.

அழுத்தம்? ஸ்டிக்கருக்கு நூறு கிராம் சுற்றுவட்டத்தில் போதும். றப்பருக்கு முந்நூறைத் தாண்டும், அதுவும் ஒரே தடவையில் வெட்டினால் கத்தி பாரம் தாங்காமல் இழுபடும். அதனால் முதல் ஓட்டத்தில் பாதி ஆழம், இரண்டாவது ஓட்டத்தில் மிச்சம். வேகத்தைக் குறைக்கவேண்டும், சும்மா குறைத்தால் போதாது, நத்தையைவிட மெதுவாகக் குறைக்கவேண்டும். கத்தியின் மூக்கு றப்பரில் ஒட்டி இழுக்காமல் இருக்க மேலே முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தூவித் தடவிவிடுகிறார்கள். அதனால் கடைக்குள் றப்பர் வாசமும் பவுடர் வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். மனிசி என் சட்டையை முகர்ந்து பார்த்து “எங்கை போட்டு வாறியள்?” என்று கேட்டதுக்கு நான் சொன்ன பதிலை அவ இன்னும் நம்பவில்லை.

பெரிய கடைகளில் இருக்கிற மிசின்களில் இந்தத் தள்ளாட்டம் ஒன்றும் இல்லையாம். பெல்ஜியத்தில் சும்மா என்று ஒரு கொம்பனி (சிரிக்காதேங்கோ, உண்மையாகவே அதுதான் பெயர்) கத்தியை மோட்டராலேயே திருப்புகிற மிசின் செய்கிறது. மூலை வந்தவுடன் கத்தி மேலே எழும்பும், புதுத் திசைக்குத் திரும்பும், திரும்பவும் குத்தி இறங்கும். 600 கிராம் வரை அழுத்தம். மூலை கிழியும் என்ற பேச்சே கிடையாது. ஜப்பான்காரரின் கிராஃப்டெக், ரோலண்ட் எல்லாம் நல்ல மிசின்கள்தான். தம்பியிடம் இருப்பது இவை ஒன்றும் இல்லை, மலிவான ஒன்று. அதை வைத்துக்கொண்டு அவர் செய்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிசு.

எழுத்துக்கு வாறன். தமிழ் எழுத்துக்கு! ‘இரணைமடுக் குளம்’ என்று முதல் வரி, அதற்குக் கீழே ‘1902 – 1920’, குளம் கட்டத் தொடங்கி முடித்த வருசங்கள், பிறகு எங்கள் அமைப்பின் பெயர், கடைசியில் கட்டடம் திறக்கிற திகதி. தங்கச்சி கொம்பியூட்டரில் அந்த முதல் வரியைப் பெரிதாக்கிக் காட்டினா. நான் ஆயிரம் தரம் எழுதின ஊர்ப்பெயர், அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவியளோ? ‘இ’யின் சுழி, ‘ணை’யில் அடுக்கடுக்காக வருகிற வளையங்கள், எல்லாம் கத்திக்குக் கொண்டாட்டம். வளைந்து வளைந்து போகிற எழுத்தில் தானே திரும்புகிற கத்திக்கு எந்தச் சிரமமும் இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். ஆங்கிலத்தின் ‘ஈ’யும் ‘ரீ’யும்தான் மூலை மூலையாக நின்று கத்தியை முறிக்கப் பார்க்கும். மூன்று மொழிகளிலும் பெயர் வெட்டுகிற போர்ட்டுகளில் ஆங்கில வரிக்குத்தான் மிசின் முனகும் என்றும், சிங்கள வரி வெண்ணெயாகப் போகும் என்றும் தங்கச்சி சொன்னா. எங்களில் ‘ட’ ஒரு சண்டியன். நேர்மூலை! அதுவும் ‘டு’ என்றால் நேர்மூலையும் வேண்டும், கீழே சுழியும் வேண்டும். ‘இரணைமடு’வின் கடைசி எழுத்தை மிசின் வெட்டுகிறபோது நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

பாமினி எழுத்துரு தெரியும்தானே, எங்கள் பக்கத்தில் கலியாணக் கார்ட்டில் இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அதில்தான் அடிக்கிறார்கள். அதில் ‘ளி’ மாதிரியான எழுத்துகளில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். காகிதத்தில் அச்சடித்தால் அது தெரியாது, மை மையோடு சேர்ந்துவிடும். கத்திக்குக் கண் தெரியாது. மேலே கிடக்கிற கோட்டையும் வெட்டும், கீழே கிடக்கிற கோட்டையும் வெட்டும், எழுத்தின் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு வெட்டு விழும். அதனால் வெட்டுக்கு முன்னம் எல்லாத் துண்டுகளையும் ஒட்டி ஒரே கோடாக்கவேண்டும். தங்கச்சி கோறல்ட்ரோவில் அதைச் செய்கிற வேகத்தைப் பார்க்கவேண்டும்! விரல் ஓடுகிறது, எழுத்தின் உள்கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன, வெளிக்கோடு மாத்திரம் சுத்தமாக நிற்கிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பிடித்து ஒரு சுற்றுப் பெரிதாக்கினா. எழுத்துருவில் இருக்கிற அளவில் புள்ளியை வெட்டினால் மொத்த றப்பரில் அந்தக் குட்டி வட்டம் கத்தியோடு சேர்ந்து சுழன்று பிய்ந்து வந்துவிடுமாம். ‘க்’கின் தலைக்கு மேல் நிற்கிற அந்தப் பொட்டுக்கு இப்படி ஒரு ஆள் பாடுபடுகிறா என்று இலக்கணம் படிப்பித்த எங்கள் வாத்தியாருக்குத் தெரிந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

இன்னொன்று. நெல் மூட்டையில் தகரத்தை வைத்துப் பெயின்ற் அடித்துப் பெயர் போடுவமே, அந்தத் தகரத்தில் ‘ம’வின் நடுவும் ‘ண’வின் வளையமும் கழன்று விழாமல் இருக்க இடையில் சின்னப் பாலங்கள் விடவேண்டும், எழுத்து துண்டு துண்டாக வரும். இந்த றப்பருக்கு அடியில் பசை இருக்கிறபடியால் பாலமே தேவையில்லை! வளையத்தின் நடு தனித் தீவாகக் கல்லில் ஒட்டிக்கொண்டு தானாக நிற்கும். முழு எழுத்து, வெட்டுப்படாத எழுத்து, எங்கள் எழுத்து. நான் கொஞ்சம் சத்தமாகக் கத்தியிருப்பன் போல, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இந்த மிசின்கள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்ததில் எனக்கு ஒரு ஆள் கிடைத்தார், ஜோசப் கேர்பர். 1924 இல் வியன்னாவில் பிறந்த யூதப் பொடியன், நாசிகளிடமிருந்து தப்பி 1940 இல் தாயோடு அமெரிக்காவுக்குப் போனவர். படிக்கிற காலத்தில் தன் பைஜாமாவின் இடுப்பு இலாஸ்டிக்கை உருவியெடுத்து, அதில் கோடு கீறி, இழுக்க இழுக்க அளவு மாறுகிற ஒரு அளவுகோல் செய்தார். அங்கே தொடங்கினவர், துணி வெட்டுகிற மிசின், பிறகு அவருடைய கொம்பனியில் 1980களில் கொம்பியூட்டர் சொல்லச் சொல்லப் பெயர்ப்பலகை எழுத்து வெட்டுகிற மிசின் என்று போய், 1994 இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப விருது வாங்கினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, கையில் இருந்த இலாஸ்டிக்கில் தொடங்கின ஆள்! வன்னியில் இருந்துகொண்டு இதை வாசித்தால் எப்படி இருக்கும் என்று வேறு ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

இனித்தான் பெரிய கட்டம், வாங்கோ, வாங்கோ. கல்லை ஸ்பிரிற் போட்டுத் துடைக்கிறார்கள், இரண்டு தரம், ஒரு விரல் ரேகைகூட இருக்கக்கூடாது. கதவைச் சாத்துகிறார்கள், சோளகத்தில் வருகிற ஒரு பொட்டு மண் பசையில் பட்டால் அந்த இடத்தில் ஒட்டாது, ஒட்டாத இடத்துக்குள் துகள் புகுந்து எழுத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். தாங்குதாளை ஒரு பக்கத்தில் கொஞ்சம் உரித்து, கல்லில் பென்சிலால் போட்ட கோட்டுக்கு நேரே பிடித்து, ஒருவர் இழுக்க ஒருவர் உருளையால் அமுக்கிக்கொண்டு வருகிறார். நான் தாங்குதாளை இழுக்கிற ஆள்! அந்தப் பதவியை எனக்குத் தந்தபோது, சொன்னால் வெட்கம், கை நடுங்கியது. பிறகு கல்லைச் சாய்த்து வைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறது. கத்தி நுனியால் ஒரு மூலையைக் கிளப்பி, விரலால் பிடித்து, மெதுவாக, மெதுவாக… ‘இ’ முழுசாக எழும்பி வருகிறது! விரலில் தொங்குகிறது, கனமாக, குளிர்ச்சியாக, வெட்டின விளிம்பு கண்ணாடிச் சுத்தம். அது இருந்த இடத்தில் கறுப்புக் கல் பளிச்சென்று தெரிகிறது. ‘ணை’யை எடுக்கும்போது வளையங்களின் நடுத்துண்டுகள் கூடவே வந்துவிடாமல் ஒரு விரலால் அமுக்கிப் பிடிக்கவேண்டும். அவை நிற்கின்றன, சின்னச் சின்னத் தீவுகளாக, வரிசையாக. கழற்றின ‘டு’வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலை நேர்மூலை! கிழிசல் இல்லை, உருளவில்லை, கொம்பு இல்லை. “அந்த மாதிரி!” என்று கத்தினேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவரும் அந்த ‘டு’வை வாங்கி ஒருக்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஊதுகிறது பின்வளவில். தலையை மூடின தொப்பி, மூச்சுக்கு வடிகட்டி, கைக்குத் தடித்த உறை. இதில் மாத்திரம் நான் விளையாட்டுப் பேச்சுப் பேசமாட்டன். ஆற்று மணலைப் போட்டு ஊதக்கூடாது. அதன் நுண்தூசி நெஞ்சுக்குள் போய்ச் சுவாசப்பையைக் கல்லாக்கிவிடும். பிரிட்டன் 1949 இலேயே வார்ப்பு வேலைகளில் மணல் ஊதுவதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. தம்பி பாவிப்பது அலுமினியம் ஒக்சைட்டு. கானற் என்கிற சிவப்பு மணலும் நல்லது, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலும் கன்னியாகுமரியிலும் முந்தி அள்ளினார்களே, அது. தூசிக்கும் கொம்பிறசரின் இரைச்சலுக்கும் அயலட்டை முணுமுணுக்கிறது, றப்பர் றோலின் விலையைச் சொன்னால் கல்லே அழும், வெயில் காலத்தில் றோல் வெந்து பசை இளகும். சரி, சரி, குறை சொல்லியாயிற்று, விடுங்கோ!

நூறு பிஎஸ்ஐ அமுக்கத்தில் அந்தக் குழாய் திறந்ததும் வருகிற இரைச்சலை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். றப்பரில் படும்போது மொத்தமான ‘பொத்’ சத்தம். கல்லில் படும்போது ‘சீஈஈ’. கண்ணை மூடினாலும் இப்ப எழுத்துக்கு மேல் நிற்கிறார், இப்ப வெளியில் நிற்கிறார் என்று சத்தத்திலேயே தெரியும்! கறுத்து மின்னின கல் எழுத்துக்குள் மாத்திரம் சாம்பல் நிறமாக வெளுக்கிறது, பிறகு பள்ளமாகிறது. ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை. ஊதி முடித்தபிறகும் றப்பரை எடுக்கமாட்டார்கள், அதுதான் கெட்டித்தனம். அதே றப்பரை வைத்துக்கொண்டே பள்ளத்துக்குள் தங்கப் பெயின்ற் அடிக்கிறார்கள். துகளையும் தடுத்த அதே தோல் பெயின்றையும் தடுக்கும்!

பிறகு உரிக்கிற நேரம். ஐயோ, அந்த நேரம்! நினைச்சுப் பாருங்கோ, உங்களுக்கு முன்னால் ஒரு அசிங்கமான விரிப்பு, முழுக்கத் தூசி, தங்கப் பெயின்ற் சிதறி, அடிபட்டு அடிபட்டு முகம் சுருண்டு கிடக்கிறது, இதற்குக் கீழே என்ன நடந்திருக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஒரு மூலையைப் பிடித்து இழுக்கிறியள், பசை விடுகிற சத்தம் ‘ச்ச்ர்ர்’ என்று நீளமாக வருகிறது, இழுக்க இழுக்கக் கறுப்புக் கண்ணாடி விரிகிறது, அதில் உங்கள் முகமே தெரிகிறது, முகத்துக்குக் குறுக்கே முதலில் ‘ம்’ வருகிறது, புள்ளியோடு, தங்கச்சி பெரிதாக்கின அந்தப் புள்ளி, குண்டுமணி அளவில், முழு வட்டமாக, பிறகு ‘ள’, பிறகு ‘கு’, பிறகு ‘டு’, மூலை நேர்மூலை, பிறகு ‘ணை’, வளையங்களின் நடுவில் கறுப்புத் தீவுகள் ஒன்றுகூடக் குறையாமல் மினுங்குகின்றன, விரலை வைத்துத் தடவுகிறியள், விளிம்பு நறுக்கென்று கையில் படுகிறது, எங்கள் ஊரின் பெயர் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அழிக்க ஏலாது, மழை அழிக்காது, வெயில் அழிக்காது, நான் என்ன செய்தேன் தெரியுமோ, கைதட்டினேன்! தனியாக! வளர்ந்த ஆள், பேரப்பிள்ளை கண்டவன், போர்ட் கடைப் பின்வளவில் நின்று கைதட்டினேன். பிறகு தங்கச்சியும் தட்டினா. தம்பி மட்டும் ஸ்பிரிற் துணியை எடுத்துக்கொண்டு பசையைத் துடைக்கத் தொடங்கினார், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியும்.

கல்லை மாட்டு வண்டியில் கொண்டுபோனால் குலுங்கும், ரக்ரரில் வேண்டாம் என்று சண்டைபிடித்து, ஓட்டோவில் என் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனேன். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் துணியை விலக்கிக் காட்டினேன். கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் நிறுத்தி, கும்பிட வந்தவர்களுக்கும் காட்டினேன். ஒரு பெரியவர் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “எந்த ஆசாரி வெட்டினது?” என்று கேட்டார். நான் றப்பர், கத்தி, 60 பாகை என்று தொடங்க, ஓட்டோக்காரர் எஞ்சினை ஸ்ராட் செய்துவிட்டார்.

அன்றையில் இருந்து எனக்கு எந்தக் கல்லைப் பார்த்தாலும் எழுத்தின் விளிம்பைத் தடவிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வாஷிங்டனில் இருக்கிற வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பற்றி வாசித்தேன், 1982 இல் திறந்தபோதே 57,939 பெயர்கள். அந்தக் கறுப்புக் கல் எங்கிருந்து போனது தெரியுமோ? பெங்களூர்ப் பக்கத்தில் இருந்து! பெயர்கள் முழுக்க இதே மாதிரித் துகள் ஊதி வெட்டினவை. அங்கே கத்தி இல்லை, ஒளி பட்டால் இறுகுகிற பூச்சைக் கல்லில் பூசி அதையே ஸ்டென்சிலாக்கினார்கள். ஆனால் அடிக்கிறதும் கரைகிறதும் தடுக்கிறதும் ஒரே கணக்கு. இங்கேயும் இந்தக் கடைக்குப் பெயர் வெட்டக் கொண்டுவருகிற எல்லாரும் திறப்புவிழாவுக்காக வருகிறவர்கள் இல்லை. அப்படி ஒரு அம்மா வந்து இருக்கிற நாளில் நான் வாய் திறக்காமல் ஒரு மூலையில் இருந்து எழுத்துக் கிள்ளுவன், வளையத்தின் நடுத்துண்டு ஒன்றும் தவறாமல்.

இப்ப நாங்கள் இறங்கியிருக்கிற வேலையைக் கேளுங்கோ! ஒரு கோயில் மண்டபத்துக்குத் தாமரை. தட்டையான தாமரை இல்லை, இதழுக்கு மேல் இதழ் எழும்பி நிற்கிற தாமரை. எல்லா இதழையும் ஒரே றப்பரில் வெட்டி ஒட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கிள்ளாமல், ஆகப் பின்னுக்கு இருக்கிற இதழை முதலில் எடுத்து ஊதுகிறது, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. முதலில் திறந்தது கடைசி வரைக்கும் அடி வாங்கி ஆழமாகப் போகும், கடைசியில் திறந்தது மேலே நிற்கும். எதை எப்போது எடுக்கிறது என்ற ஒழுங்குதான் முழுச் சிற்பமும்! பின்னிதழில் இருந்து தொடங்கவேண்டும் என்கிறார் தம்பி. இல்லை, நடுமொட்டைச் சுற்றியிருக்கிற இடைவெளியை முதலில் திறந்தால்தான் மொட்டு துருத்திக்கொண்டு நிற்கும் என்கிறா தங்கச்சி. நான் இரண்டு பேருக்கும் இடையில் நின்று, ஒரு கையில் பவுடர் டின்னும் மற்றக் கையில் உருளையுமாக, எந்த இதழை என்னிடம் உரிக்கத் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.